உதவி தேவை: 'தி ஓல்டு டார்க் ஹவுஸ்' (1932) – டிவியில் கோளாறா, படமே இப்படித்தானா?

மழைக்கோட்டு:
வணக்கம் நண்பர்களே. ஜேம்ஸ் வேல் எடுத்த பேய் வீட்டுப் படம், பயமும் காட்டும், சிரிப்பும் மூட்டும் என்று நீங்கள் பலர் சொன்னதால் நேற்று ராத்திரி போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஆட்கள் எல்லாரும் குட்டையாக, அகலமாகத் தெரிகிறார்கள். வசனத்தைப் புயல் சத்தம் விழுங்கிவிடுகிறது. பின்னணி இசையே இல்லை. ஆடியோவில் ஏதாவது விட்டுப்போயிருக்குமா? கதவைத் திறக்கும் வேலைக்காரன் வாயிலிருந்து உறுமல்தான் வருகிறது, சப்டைட்டிலும் அங்கே உதவவில்லை. வீட்டுக்குள் விளக்கு வேறு திடீர் திடீரென்று மங்குகிறது. டிவியின் ஆட்டோ பிரைட்னஸை அணைத்தும் அது நிற்கவில்லை. புது டிவி, கூடவே சவுண்ட்பார். காப்பி இணையத்தில் கிடைத்தது. எதை மாற்ற வேண்டும்?

ரிமோட்காரன்:
முதலில் பிக்சர் சைஸ். இது கிட்டத்தட்ட 4:3 அளவில் எடுத்த படம். டிவி அதை 16:9க்கு இழுத்துப் பிடித்திருக்கிறது. 'ஒரிஜினல்' அல்லது '4:3' வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்து, ஷார்ப்னஸைக் குறைத்து, மூவி மோடுக்கு வாருங்கள்.

அடுத்தது ஒலி. இது மோனோ. சவுண்ட்பாரின் சரவுண்ட் வசதி அந்த ஒற்றைத் தடத்தைப் பிரித்து அறை முழுக்கப் பரப்பும்போது காற்றும் மழையும்தான் பெரிதாகக் கேட்கும். ஸ்டீரியோவுக்கு மாற்றி, குரலைத் தூக்கிக் கொடுக்கும் மோடு இருந்தால் அதைப் போடுங்கள். ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது.

காப்பி தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்ததாக இருந்தால் இருட்டுக் காட்சிகளை எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. 2017இல் 4கே-யில் சீரமைத்து வெளியிட்டார்கள், அந்த ப்ளூ-ரேயைத் தேடுங்கள். ஆர்தர் எடீசனின் ஒளிப்பதிவில் நிழலுக்குள்ளேயே எத்தனை அடுக்கு இருக்கிறது என்று அதில்தான் தெரியும்.

கடைசிவரிசை:
ரிமோட்காரன் சொன்னது அத்தனையும் சரி. மிச்சமிருக்கும் மூன்று புகாரும் கோளாறே இல்லை, படம் அப்படித்தான்!

இசை: தலைப்பு ஓடி முடிந்த பிறகு பெரும்பாலும் கிடையாது. புயலும் ஜன்னல் அடித்துக்கொள்வதும்தான் பின்னணி.

உறுமல்: அந்த வேலைக்காரன் மார்கன் ஊமை. நடித்தவர் போரிஸ் கார்லாஃப். 'ஃபிராங்கன்ஸ்டைன்' வந்த மறுவருடம், உலகமே பார்க்கத் துடித்த நடிகருக்கு ஒரு வார்த்தை வசனம்கூடக் கொடுக்கவில்லை. அந்த உறுமலைக் கேட்டுவிட்டு விருந்தாளி பெண்டெரல், வெல்ஷ் மொழியாகவே இருந்தாலும் இப்படியா ஒலிக்கும் என்கிற மாதிரி ஒன்று சொல்வார். கதை நடப்பது வேல்ஸில், அதனால்தான் அந்தக் கிண்டல்.

விளக்கு: வீட்டுக்காரர் ஹோரஸ் ஃபெம் அதற்கும் விளக்கம் சொல்கிறார். மின்சாரத்தை நாங்களே தயாரிக்கிறோம், அதில் எங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது என்கிறார். அப்படியே அணைந்துபோனாலும் பயப்படாதீர்கள் என்று ஆறுதல் வேறு.

சிரிப்பு வரவில்லை என்றால் ஹோரஸாக வரும் எர்னஸ்ட் தெசிஜரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். அக்கா அடுக்கி வைக்க இருந்த பூக்களை எடுத்து, அதையும் சொல்லிக்கொண்டே, நெருப்பில் போடுவார். 'வெறும் ஜின்தான், எனக்கு ஜின் பிடிக்கும்' என்று விருந்தாளிகளை உபசரிப்பார். சாப்பாட்டு மேஜையில் 'ஒரு உருளைக்கிழங்கு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அவர் சொல்லும் தோரணைக்காகவே நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவேன். வெளியே மண் சரிகிறது, உள்ளே வேலைக்காரன் குடித்தால் ஆபத்தானவன், மாடியில் பூட்டிய அறையில் யாரோ இருக்கிறார்கள். இவர் உருளைக்கிழங்கு பரிமாறுகிறார். யாரும் கண்ணடிப்பதில்லை, சிரிப்பதற்காக நிறுத்துவதுமில்லை. இன்றைய பேய் காமெடி மாதிரி டொய்ங் சத்தம் போட்டு யாரும் நமக்குச் சொல்லித் தர மாட்டார்கள்.

பயத்துக்கு அக்கா ரெபெக்கா. வந்த பெண்ணின் பட்டுத் துணியைத் தொட்டு 'இது மக்கிப்போகும்' என்பாள். அடுத்து அவள் தோலைத் தொட்டு, இதுவும் காலப்போக்கில் மக்கும் என்பாள். வேறு எந்தப் பேயும் எனக்கு வேண்டாம்.

ஊறுகாய்ஜாடி:
நானும் பார்த்தேன், கலர் படம்தானே? கார்லாஃப் வரவே இல்லையே. சுமாராகத்தான் இருந்தது.

கடைசிவரிசை:
@ஊறுகாய்ஜாடி, அது 1963இல் வில்லியம் காஸில் எடுத்தது. பெயர் ஒன்று, படம் வேறு. அந்த மறு ஆக்கத்துக்காக உரிமை கைமாறியதில் பழைய படத்தைச் சீந்துவாரில்லாமல் போயிற்று, தொலைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். வேலின் நண்பரும் இயக்குநருமான கர்ட்டிஸ் ஹாரிங்டன் விடாமல் நச்சரித்துத் தேடவைத்து, 1968இல் யுனிவர்சல் கிடங்கில் நெகட்டிவ் கிடைத்தது. முதல் ரீல் மோசமான நிலையில் இருந்ததாம். ஹாரிங்டன் இல்லையென்றால் நம் கையில் அந்தக் கலர் படம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

மழைக்கோட்டு:
எல்லாருக்கும் நன்றி. 4:3, ஸ்டீரியோ, ஹெட்போன் மூன்றும் செய்ததும் வசனம் தெளிவாகக் கேட்டது. ரெபெக்கா ஊறுகாய் வெங்காயத்தை அள்ளி அள்ளிச் சாப்பிடும் இடத்தில் நான் சிரித்த சத்தத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒரு சந்தேகம் பாக்கி. மாடியில் படுத்திருக்கும் 102 வயதுக் கிழவர் சர் ரோடரிக்கின் குரல் கீச்சென்று இருக்கிறது. இது மோனோ பிரச்சினையா?

ரிமோட்காரன்:
செட்டிங்கைத் தொடாதீர்கள். கிழவராக நடித்தது எல்ஸ்பெத் டட்ஜன் என்ற நடிகை. ஒட்டுத்தாடி வைத்து, பெயர்ப் பட்டியலில் 'ஜான் டட்ஜன்' என்று ஆண் பெயராகப் போட்டுவிட்டார்கள். அடுத்து வேலின் 'தி இன்விசிபிள் மேன்' (1933) பாருங்கள், இதே டிவி செட்டிங் போதும். தெசிஜர் வேண்டுமென்றால் 'பிரைடு ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1935). அங்கேயும் அவருக்கு ஜின் உண்டு.