மீன்களுக்கு நடுவே குள்ளத் தவளைகளுக்கு இரை கொடுப்பது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். இராமேசுவரத்துக்கு அருகே கடற்கரை ஊரான மண்டபத்தில், எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில், பத்து நியான் டெட்ரா மீன்களோடும் நான்கு கப்பி மீன்களோடும், கட்டைவிரல் அளவேயுள்ள இரண்டு ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைகளை இரண்டு மாதங்களாக வளர்த்து வருகிறேன். நாக்கில்லாத, பார்வையும் மந்தமான இவை பெரும்பாலும் வாசனையை வைத்தே இரையைத் தேடுவதால், உறைய வைத்த இரத்தப்புழுவைக் கரைத்து விட்டதும், அவை தடவித் தடவி வந்து சேர்வதற்குள் மீன்கள் மொத்தத்தையும் தீர்த்துவிடுகின்றன. மிதக்கும் குருணைத் தீனியை இவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரு தவளைக்கு இடுப்பெலும்பு துருத்தத் தொடங்கியிருப்பதுதான் என் கவலை.

விளக்கை அணைத்து, மீன்களுக்கு மறுமூலையில் தீனி தூவிவிட்டு, தொட்டியின் அடியில் வைத்த மண் அகலில் ஊசியில்லாத சிரிஞ்சால் புழுவை இறக்கிப் பார்த்தேன். ஒரு வாரம் பலித்தது, பிறகு கப்பிகள் அகலையே காவல் காக்கத் தொடங்கிவிட்டன. (மீன் தின்ற மிச்சமே போதும் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார்.) வேளைதோறும் தனிப் பாத்திரத்துக்கு மாற்றினால் மிரண்டு தின்னாமல் இருந்துவிடுமா? மின்தடையில் ஃப்ரீசர் தீனி இளகிக் கெட்டுவிடுவதால், இங்கே கரையில் கிடைக்கும் உப்பிடாத பச்சைக் கூனியை (பொடி இறாலை) நன்னீரில் அலசி நறுக்கிக் கொடுத்துப் பழகியவர்கள் இருந்தால், அளவையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.