முகப்புக் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் உறுப்பு: ‘பீச்சி’ பொருந்துமா?

எல்லோருக்கும் வணக்கம்.

கார் உறுப்புகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நமது பட்டியலில் வைப்பருக்குத் ‘துடைப்பான்’ நிலைத்துவிட்டது. அதற்குத் துணையாகத் தண்ணீர் அடிக்கும் அமைப்புக்கு இதுவரை ‘கண்ணாடி கழுவி’, ‘நீர்த்தெளிப்பான்’, ‘பீச்சி’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் பீச்சியின் பக்கம்.

‘கண்ணாடி கழுவி’ பொருந்தாது: கழுவுகிற வேலையைச் செய்வது துடைப்பான். இந்த உறுப்பு தண்ணீரைக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. ஆங்கிலத்தில் சொல்வதுபோல ‘வொஷர்’ என்றே விட்டுவிடலாம் என்ற யோசனையும் எனக்குச் சரிப்படவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு வாகனப் பாகக் கடைக்குப் போய் வெறுமனே ‘வொஷர்’ என்று கேட்டுப் பாருங்கள். நட்டுக்கு அடியில் போடும் வளையத்தை எடுத்து நீட்டினால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

தெளிப்பான் நல்ல சொல்தான், ஆனால் அது பூச்சிமருந்துக்கும் தோட்டத்துக்கும் ஏற்கெனவே போய்விட்டது. அதோடு, தெளித்தல் என்றால் துளித்துளியாகச் சிதறுவது, வாசல் தெளிப்பதுபோல. பம்பியின் (பம்ப்) அமுக்கத்தால் ஒரு சிறு துளை வழியே கம்பியாகப் பாய்வதற்குத் தமிழில் பீச்சுதல் என்ற வினை இருக்கிறது. பால் பீச்சுகிறோம், பீச்சாங்குழல் என்கிறோம். வயிற்றோட்டம் ஞாபகம் வருகிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். வரத்தான் செய்யும். அதற்காக வினையையே தள்ளிவைத்தால் மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்?

சரி, சொல் உழைக்கிறதா என்று ஒரு பழுதை வைத்துப் பார்ப்போம். பீச்சியின் நெம்பை (லீவரை) இழுக்கிறீர்கள், தண்ணீர் வரவில்லை. முதல் வேலை காதுக்கு. பீச்சுப்பம்பி என்பது தண்ணீர்த் தாங்கியின் (தொட்டியின்) அடியில், இறப்பர் வளையம் ஒன்றுக்குள் செருகியிருக்கும் 12 வோல்ட் மோட்டர். அதன் சத்தமே கேட்கவில்லை என்றால் உருகி (பியூஸ்), வயர் இணைப்பு, பம்பி என்ற வரிசையில் பாருங்கள். சத்தம் கேட்டும் தண்ணீர் இல்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் போகும் வழியைப் பிடிக்க வேண்டும்: தாங்கி வெறுமையா, பம்பியின் வடி (வடிகட்டி) அடைத்திருக்கிறதா, குழாய் கழன்றதா, எலி கடித்ததா. கொழும்பில் கடைசியதை லேசாக எடுக்காதீர்கள். இவற்றைப் பார்க்கும்போது நெம்பைப் பிடித்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பி சூடேறிக் கெட்டுவிடும்.

ஒரு பக்கம் மட்டும் வந்து மறுபக்கம் வரவில்லை என்றால் பம்பியைச் சந்தேகிக்கத் தேவையில்லை. குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அப்பால்தான் கோளாறு, பெரும்பாலும் தண்ணீர் வெளிவரும் முனையில். இங்கேதான் நமக்கு ஒரு சொல் போதாது. பழைய வகை முனையில் சிறு உருண்டை ஒன்று இருக்கும். ஊசியை நுழைத்து அடைப்பையும் எடுக்கலாம், தண்ணீர் விழும் இடத்தையும் திருப்பலாம். புதிய கார்கள் பலவற்றில் தண்ணீரை விசிறிபோல விரித்து அடிக்கும் முனை வருகிறது. அதற்குள் ஊசியை விட்டுக் கிண்டினால் உள்ளே இருக்கும் நுண்வழி கெட்டுவிடும். ஆகவே முன்னதற்குப் பீச்சுமுனை, பின்னதற்கு விசிறிமுனை. தெளிப்பான் அணியினர் விசிறிமுனையைக் காட்டி வாதாடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வகை முனைக்காக முழு அமைப்பின் பெயரையும் மாற்றுவது அதிகம்.

நெம்பை இழுத்துச் சற்று நேரம் கழித்தே தண்ணீர் வருகிறது என்றால் குழாயில் நின்ற தண்ணீர் தாங்கிக்கே இறங்கிவிட்டது என்று பொருள். அதைத் தடுக்கும் சிறு வால்வுக்கு ‘மீள்தடை வால்வு’ என்று முன்மொழிகிறேன். ‘ஒருவழி வால்வு’ என்றாலும் பிழையில்லை. செய்யும் வேலை முதலாவதில் தெளிவாகத் தெரிகிறது.

உருகி, பம்பி, தாங்கி, அமுக்கம் எல்லாம் எங்கள் இலங்கைப் பாடப்புத்தகச் சொற்கள். தமிழ்நாட்டு அன்பர்களுக்குப் பம்பி புதிதாக இருக்கலாம். பட்டியலில் இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். கராஜில் ‘பியூஸ்’ என்றுதான் சொல்லப்போகிறார்கள், அதையும் தடுக்க வேண்டாம்.

பராமரிப்புக் குறிப்பு ஒன்றும் சேர வேண்டும். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்க மதுசாரம் (அல்கஹோல்) கலந்த திரவம் ஊற்றுவார்கள். இங்கே உறைவதற்கு வழியில்லை என்பதால் பலர் வெறும் குழாய்த் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெயிலில் நாள்பட நின்றால் அதில் வழுக்கல் பிடித்து வடியை அடைக்கும். அதில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்தால் நுரைத்துக் கண்ணாடியில் படலம் விடும். கொழும்பின் கடலோர மரீன் டிரைவில் கடற்காற்றின் உப்போடு அந்தப் படலமும் சேர்ந்தால் மாலை வெயிலில் எதிரே ஒன்றும் தெரியாது. இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் தொடங்கியது என்பதால் பழைய கார்கள் இங்கே ஏராளம். அவற்றில் பம்பி நல்ல நிலையில் இருந்தும் தாங்கி ஒழுகினால் பம்பி செருகியிருக்கும் அந்த இறப்பர் வளையத்தை முதலில் பாருங்கள்.

மீதி ஒன்று. சில கார்களில் ஒரே பம்பி ஒரு திசையில் சுழன்றால் முன்கண்ணாடிக்கும், மறுதிசையில் சுழன்றால் பின்கண்ணாடிக்கும் தண்ணீர் போகும். இதற்கு ‘இருதிசைப் பம்பி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. உங்கள் ஊர் கராஜ்களில் வேறு பெயர் புழங்கினால் எழுதுங்கள்.