பார்க்காத குதிரைக்குப் பணம் அனுப்பலாமா? தூரத்திலிருந்து வாங்கியவர்கள் சொல்லுங்கள்

ஹூஸ்டனுக்கு மேற்கே, டெக்சாஸ்

வணக்கம். மொன்டானாவில் பில்லிங்ஸ் பக்கம் குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. காயடித்த ஆண், 9 வயது, பக்ஸ்கின் நிறம் (மஞ்சள் உடம்பு, கறுப்புப் பிடரி). 18,000 டாலர் சொல்கிறார்கள். எங்கள் இடத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மைல். மகளுக்குப் பதினாறு வயது, பிரேக்அவே ரோப்பிங் (குதிரையில் விரட்டி, ஓடும் கன்றின் கழுத்தில் கயிறு வீசும் போட்டி) கற்றுக்கொண்டிருக்கிறாள். பக்கத்துப் பண்ணைக்காரர் சனிக்கிழமைகளில் மாடு பிரிக்கும்போது நாங்களும் போய் உதவுவோம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே குதிரை வேண்டும். வீடியோவில் ஓட்டம் எல்லாம் பிரமாதமாக இருக்கிறது. "பண்ணை வேலை அத்தனையும் தெரியும், ஹெட்டிங், ஹீலிங் இரண்டும் செய்யும், சின்னப் பிள்ளைகூட ஏறலாம்" என்கிறார் விற்பவர். (இருவர் சேர்ந்து ஆடும் டீம் ரோப்பிங்கில் மாட்டின் கொம்பில் கயிறு போடுவது ஹெட்டிங், பின்னங்காலில் போடுவது ஹீலிங்.) இப்போதைக்கு எனக்கு லீவு கிடைக்காது. அவரோ முன்பணம் கேட்கிறார். இப்படி நேரில் பார்க்காமல் வாங்கியவர்கள் நல்லதோ கெட்டதோ எழுதுங்கள்.

வெதர்ஃபோர்ட், டெக்சாஸ்

முன்பணத்தைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். அந்த வீடியோவை இன்னொரு தரம் போடுங்கள். குதிரை ஓடுவதை விடுங்கள், ஓடுவதற்கு முன்னால் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

என்னோடு டீம் ரோப்பிங் வரும் ஒருவர் நெப்ராஸ்காவிலிருந்து இப்படி வீடியோ பார்த்துத்தான் ஒரு ஹெட் குதிரை வாங்கினார். வீடியோவில் ஒவ்வொரு ஓட்டமும் அச்சுப் பிசகாமல் இருந்தது. வந்து இறங்கிய குதிரையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல உடம்பு, கட்டினால் நிற்கும், லாடம் அடிக்கக் கால் கொடுக்கும். அரீனாவில் பாக்ஸுக்குள், அதாவது மாட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் குதிரை காத்து நிற்கும் அடைப்புக்குள், பின்னோக்கி நுழைத்ததும்தான் ஆளே மாறிவிட்டது. முன்னங்கால் இரண்டும் மாறி மாறித் தரையைத் தட்டும். கடிவாளத்தை மென்று மென்று வாயெல்லாம் நுரை. கூண்டுக்குள் மாடு ஒரு தடவை கொம்பை இடித்தால் போதும், தலையை உயரத் தூக்கி, பின்பக்கத்தைக் கம்பியில் மோதி, கதவு திறக்கும் முன்பே பாய்ந்துவிடும். திரும்பவும் அந்த வீடியோவை எடுத்துப் பார்த்தோம். எல்லாத் துண்டும் கதவு திறக்கிற நொடியில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய அரை நிமிடம் எதிலுமே இல்லை.

பாக்ஸில் அசையாமல் நின்று, மாட்டை முன்னால் போக விட்டு, நாம் சொன்ன பிறகு கிளம்புவதுதான் ஸ்கோர் பண்ணுவது. முந்திக்கொண்டு, பாக்ஸுக்கு முன்னால் கட்டியிருக்கும் தடைக்கயிற்றை அறுத்தால் ரோடியோ போட்டியில் 10 நொடி அபராதம். பிரேக்அவேயில் நல்ல ஓட்டமே இரண்டு, மூன்று நொடிதான். அதோடு 10 சேர்ந்தால் அன்றைக்குக் கதை முடிந்தது. ஓடத் தெரியாத குதிரைக்கு ஓடக் கற்றுக்கொடுத்துவிடலாம். பாக்ஸைக் கண்டாலே பதறும் குதிரையைத் திரும்ப நிற்க வைப்பது மாதக்கணக்கில் இழுக்கும், சில குதிரைகளிடம் நடக்கவே நடக்காது.

அப்புறம் அந்த "இரண்டும் செய்யும்" என்ற பேச்சு. ஹெட்டிங்கில் கொம்பில் கயிறு விழுந்ததும், ஓட்டுபவர் அதைச் சேணக் கொம்பில் சுற்றிக்கொண்டு மாட்டை இடப்பக்கம் திருப்பி இழுப்பார். இதையே வருடக்கணக்கில் செய்த குதிரை, கயிறு கையைவிட்டுப் போவதற்கு முன்பே இடப்பக்கம் நழுவப் பழகிவிடும். பிரேக்அவேயில் அது ஆகவே ஆகாது. கன்றுக்குப் பின்னால் நேராகப் போய் நேராக நிற்க வேண்டும். கயிற்றின் நுனியைச் சேணக் கொம்பில் ஒரு மெல்லிய நூலால்தான் கட்டியிருக்கும். குதிரை நிற்க, கன்று ஓட, நூல் அறும்போது நேரம் முடியும். உங்கள் பெண் வீசுகிற சமயத்தில் குதிரை ஒதுங்கினால் கயிறு காற்றில்தான் விழும். அதனால் அவள் ஆடப்போகும் அதே ஆட்டத்தில், நேர் பின்னாலிருந்து எடுத்த வீடியோ கேளுங்கள். கன்றைக் கயிறு போட்டுக் கட்டும் போட்டியில் ஓடிய குதிரை என்றால் வேறு கவலை. அது சடாரென்று நிற்கும் வேகத்தில் பழகாத பிள்ளை கழுத்தைத் தாண்டிப் போய் விழும்.

சாது என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். மொன்டானாவில் பெரிய பண்ணையில் வேலை செய்யும் குதிரைக்குப் பெரும்பாலான நாள் சேணம் ஏறும். உங்களிடம் வாரம் முழுக்கப் புல் மேய்ந்துவிட்டு சனிக்கிழமை வெளியே வரும். அங்கே அடங்கியிருப்பது குணமா களைப்பா என்று யாருக்குத் தெரியும்? பத்து நாள் மேய்ச்சலில் சும்மா விட்டு, பிறகு பிடித்து, வட்டத்தில் ஓடவிட்டுக் களைப்பாக்காமல், நேரே சேணம் போட்டு ஏறச் சொல்லுங்கள். மேய்ச்சலில் பிடிப்பது முதல், ஏறி, வேலிக்கதவைக் குதிரை மேலிருந்தே திறந்து, மற்ற குதிரைகளை விட்டுத் தனியாக வெளியே போவது வரை, வெட்டாத ஒரே வீடியோவாக வேண்டும். செல்போனை வேலியில் சாய்த்து வைத்து எடுத்தாலே போதும். நாணயமான ஆள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

நியூஜெர்சி

எனக்கும் குதிரைக்கும் உள்ள உறவு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையோடு சரி. பவானி பக்கத்து ஆள். எங்கள் தாத்தா சுழி பார்க்காமல் கயிற்றையே தொட மாட்டார். மொன்டானாக்காரரிடம் "சுழி எங்கே இருக்கிறது, போட்டோ அனுப்புங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.

வெதர்ஃபோர்ட், டெக்சாஸ்

சிரிக்காதீர்கள், இங்கேயும் நெற்றிச் சுழியை வைத்துக் குணம் சொல்லும் பழைய கவ்பாய்கள் இருக்கிறார்கள். நான் அதை நம்பிக் காசு போட மாட்டேன்.

ஓக்லஹோமா, கால்நடை மருத்துவர்

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வந்து பெரிய மிருகங்களோடு மல்லுக்கட்டுபவன். வாங்குவதற்கு முந்தைய பரிசோதனைதான் என் வேலையில் பாதி. தம்பி, அந்தக் குதிரைக்கு இதுவரை வைத்தியம் பார்க்காத டாக்டரை நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பவர் "எங்கள் டாக்டரே நல்லவர்" என்பார். நல்லவராகவே இருக்கட்டும், நாளைக்கும் அவருக்கு அந்தப் பண்ணையிலிருந்துதான் வேலை வரும். அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் சங்கத்தின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பெயர் கிடைக்கும். டாக்டரிடம், பதினாறு வயதுப் பெண் பிரேக்அவே போடப் போகிறாள், வார இறுதியில் பண்ணை வேலையும் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்காட்சிக் குதிரைக்குப் பார்ப்பதும் ரோப்பிங் குதிரைக்குப் பார்ப்பதும் ஒன்றல்ல.

அவர் ஒவ்வொரு காலாக மடக்கி ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, உடனே ஓடவிட்டு, முதல் சில அடியில் நொண்டுகிறதா என்று பார்ப்பார். ரோப்பிங் குதிரைக்குப் பின்னங்காலின் ஹாக் மூட்டு தேயும். சடக்கென்று நிற்பதும் பாரம் இழுப்பதும் அங்கேதான் போய் இறங்குகிறது. குவார்ட்டர் ஹார்ஸ்களில் பெருத்த உடம்புக்குச் சின்னக் குளம்பு அமைவது சகஜம் என்பதால் முன்னங்குளம்புக்குள் இருக்கும் நாவிகுலர் எலும்பையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு இடத்துக்காவது எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், செலவு பார்க்காதீர்கள்.

அதே நாளில் ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சம்பவம். ஜார்ஜியாவில் இருப்பவருக்காக ஒரு பண்ணைக்குப் போனேன். குதிரை சிலைபோல் நின்றது. கீழுதடு தொங்கியது, குறி தளர்ந்து வெளியே கிடந்தது, காதருகில் கை தட்டினேன், காதுகூடத் திரும்பவில்லை. காலில் நொண்டலே இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை, ரத்தம் எடுக்கும் ஊசியையும் குப்பியையும் வெளியே எடுத்தேன். "அது எதற்கு?" என்றார் விற்பவர். மயக்க மருந்து, வலி மருந்து இருக்கிறதா என்று பார்க்க, வாங்குபவர் கேட்டிருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் பூட்ஸ் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். அப்புறம் குதிரையை விற்கும் எண்ணமே இல்லை, மனைவிக்குப் பிடித்துப்போய்விட்டது என்று கட்டி இழுத்துக்கொண்டு போனார். பியூட் மாதிரி வலி மருந்து சில நாள் நொண்டலை மறைக்கும். அமைதிப்படுத்தும் மருந்துகளில் சில வாரக்கணக்கில் வேலை செய்யும், அதனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் ரத்தம் எடுத்து வைப்பதே நல்லது.

மரபணுச் சோதனை பற்றியும் கேட்பீர்கள். பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் குவார்ட்டர் ஹார்ஸ்களுக்கான ஆறு நோய்க்குச் சோதித்துச் சொல்வார்கள், டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகமும் செய்கிறது. காயடித்த குதிரைக்கு ஆறுமே ஒரே கனம் அல்ல. ஹெர்டா என்ற தோல் நோய்க்கான மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் குதிரைக்கு ஒன்றும் ஆகாது, குட்டி போடப் போவதும் இல்லை. எச்.ஒய்.பி.பி. என்ற தசை நோய் அப்படியல்ல. 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற புகழ்பெற்ற பொலிகுதிரையின் வழியில் வருவது, ஒரு பிரதியே தசையை நடுங்க வைத்துக் கீழே தள்ளக்கூடும். மேலே பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அது நடக்கக் கூடாது. தசை இறுகிப்போகும் பி.எஸ்.எஸ்.எம். முதல் வகையும் வேலைக் குதிரைக்கு முக்கியம்.

எல்லாம் சரியாக வந்தாலும் ஹூஸ்டன் வெயில் இருக்கிறது. குளிர்ந்த வறண்ட இடத்திலிருந்து உங்கள் கடலோரப் புழுக்கத்துக்கு வரும் குதிரைகளில் சிலவற்றுக்கு வியர்வையே நின்றுவிடும். வியர்க்காத குதிரைக்கு உடம்புச் சூடு இறங்க வழியில்லை. கோடை முழுக்க மின்விசிறிக்கு முன்னால் நிற்க வைத்திருக்கும் குதிரைகள் உங்கள் பக்கம் உண்டு. ஆகவே ஜூனில் கொண்டு வராதீர்கள், அக்டோபர் கடைசி, நவம்பர் என்றால் பழகிக்கொள்ள ஒரு குளிர்காலம் கிடைக்கும். இன்னொன்று, வண்டியில் தலையை உயரக் கட்டி நாள் முழுக்கக் கொண்டு வந்தால் குதிரையால் குனிந்து இருமித் தூசியை வெளியேற்ற முடியாது, நுரையீரலில் சீழ் பிடிக்கலாம். வழியில் ஓர் இரவு இறக்கி ஓய்வு கொடுக்கும் வண்டிக்காரரைப் பிடியுங்கள். வந்த பிறகு சில நாள் காலையும் மாலையும் வெப்பம் பாருங்கள், 101.5 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கொலராடோ

காகித விஷயம் மட்டும் சொல்கிறேன். குவார்ட்டர் ஹார்ஸ் பதிவு டெக்சாஸின் அமரில்லோவில் உள்ள ஏ.க்யூ.எச்.ஏ. (அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம்) வசம். பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால், அந்தப் பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட மாற்றுப் படிவம் கையில் இருக்க வேண்டும், "அப்புறம் வாங்கித் தருகிறேன்" என்பதை நம்பாதீர்கள். என் நண்பர் குதிரையை வைத்திருக்கிறார், காகிதம் இன்னும் வரவில்லை. மொன்டானாவிலிருந்து கிளம்ப பிராண்ட் இன்ஸ்பெக்ஷன் (உடம்பில் போட்ட சூட்டுக்குறியையும் உரிமையையும் சரிபார்ப்பது) சான்று வேண்டும். டெக்சாஸுக்குள் நுழைய, 12 மாதத்துக்குள் எடுத்த கோகின்ஸ் ரத்தப் பரிசோதனையும் (குதிரைத் தொற்று ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பது) 30 நாளுக்குள் எழுதிய உடல்நலச் சான்றிதழும் வேண்டும். முன்பணம் அனுப்புவதற்கு முன் தீனி போடும் நேரத்தில் வீடியோ கால் போடச் சொல்லுங்கள். இன்னொருவரின் வீடியோவைத் திருடிப் போட்டுப் பணத்தோடு மறையும் கூட்டம் நிறைய இருக்கிறது, அவர்களால் குதிரையைத் தொட்டுக் காட்ட முடியாது.

வடக்கு கலிபோர்னியா

இதில் ஏலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ரெட் பிளஃப் ஊரில் ஜனவரியில் காளைகளும் காயடித்த குதிரைகளும் விற்கும் ஏலம் 1941 முதல் நடக்கிறது. விற்பதற்கு முன் அத்தனை பேர் பார்க்க அந்தக் குதிரை மாட்டு வேலை செய்து காட்ட வேண்டும். ஒரு வாரம் லீவு எடுக்க முடிந்தால் அதுவும் ஒரு வழி. ஆனால் கூட்டத்தில் கை தானாக மேலே போகும், ஜாக்கிரதை.

ஹூஸ்டனுக்கு மேற்கே, டெக்சாஸ்

எல்லோருக்கும் நன்றி. விற்பவரிடம் வெட்டாத வீடியோ கேட்டேன். ஒரு வாரம் பேச்சே இல்லை, சரி அவ்வளவுதான் என்று நினைத்தோம். அப்புறம் 22 நிமிட வீடியோ வந்தது. குதிரை பன்னிரண்டு நாளாக மேய்ச்சலில் இருந்ததாம். பிடிக்க வந்தது, சேணம் போட்டதும் முதல் நாலைந்து அடி முதுகை வளைத்துக்கொண்டு நடந்தது, பிறகு சரியாகிவிட்டது. பாக்ஸில் ஒரு காது கூண்டுப் பக்கம், மற்றபடி ஆடவில்லை. பிரேக்அவேயில் நேராகப் போகிறது. வேறு ஊர் டாக்டர் பார்த்தார். வலது ஹாக்கில் மடக்குச் சோதனைக்குப் பிறகு லேசான நொண்டல், எக்ஸ்ரேயில் அடி மூட்டின் இடைவெளி குறைந்திருக்கிறது. முன்னங்குளம்பு சுத்தம். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. விலையை 15,500க்கு இறக்கியிருக்கிறார். மகள் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டாள். டாக்டர் சார், என்ன சொல்கிறீர்கள்?

ஓக்லஹோமா, கால்நடை மருத்துவர்

9 வயது வேலைக் குதிரைக்கு ஹாக்கின் அடி மூட்டில் தேய்மானம் இருப்பது என்னைப் பயமுறுத்தவில்லை. அந்த மூட்டில் அசைவே குறைவு, காலப்போக்கில் தானாக ஒட்டிக்கொண்டு வலி நிற்பதும் உண்டு. மூட்டில் ஊசி போட்டுப் பல வருடம் ஓட்டலாம், அந்தச் செலவை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பணம் அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி பாக்கி: கடைசியாக அந்த மூட்டில் எப்போது ஊசி போட்டார்கள்? இரண்டு மாதத்துக்கு முன்பு போட்டிருந்தால், நீங்கள் பார்த்த லேசான நொண்டல் ஊசியின் தயவில் லேசானது, அப்படியென்றால் நான் விலகிவிடுவேன். போட்டதே இல்லை என்றால் 15,500க்கு வாங்குங்கள் என்பேன். வாய்வார்த்தை போதாது. விற்பவர் சம்மதம் கொடுத்தால் அவருடைய டாக்டர் பழைய பதிவுகளை அனுப்புவார்.

வெதர்ஃபோர்ட், டெக்சாஸ்

முதுகை வளைத்ததைப் பற்றியும் கேளுங்கள், எப்போதுமா, குளிர்ந்த காலையில் மட்டுமா என்று. வாங்கினால், மகள் ஏறும் முன் வயிற்று வாரை ஒரேயடியாக இறுக்காமல் பாதி இறுக்கி, கொஞ்ச தூரம் கையில் பிடித்து நடத்தி, திரும்பவும் இறுக்கிவிட்டு ஏறச் சொல்லுங்கள். முதல் மாதம் கயிறே வேண்டாம். பாக்ஸுக்குள் நுழைந்து, நின்று, நடந்து வெளியே வரட்டும்.