குவாரி குத்தகை நகல்: இரண்டாம் மேல்முறையீட்டுக்கு உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கல்குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் வீடு அதிர்கிறது. அடுப்படிச் சுவரில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. குத்தகை ஆணையின் நகலையும் ஆய்வறிக்கைகளையும் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பினேன். 30 நாளில் வர வேண்டிய பதில் 70 நாள் கழித்து வந்தது. அதுவும் ‘வணிக இரகசியம், தர இயலாது’ என்ற ஒற்றை வரி. அரசு கொடுத்த குத்தகை ஊராருக்கு எப்படி இரகசியமாகும்? முதல் மேல்முறையீட்டுக்குப் பதிலே இல்லை. இரண்டாம் மேல்முறையீட்டுக்கு மாநிலத் தகவல் ஆணையத்தை அணுகுவதற்கான 90 நாள் கெடுவில் இன்னும் மூன்று வாரமே மிச்சம். இத்தகைய மறுப்பை எதிர்த்து வென்றவர்கள், வணிக இரகசியத்தைவிடப் பொதுநலனே பெரிது என்ற வாதத்தை எப்படி எழுதினீர்கள் என்றும், அச்சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதத்தை அதே மனுவிலேயே கோரலாமா என்றும் தயவுசெய்து சொல்லுங்கள்.