செம்பருத்தி மகரந்தம் ஏன் சப்பையாக வந்தது?

தண்டையார்பேட்டைக்காரர்:

கல்லூரி ஆய்வகம் ஒன்று கழித்துக்கட்டிய நுண்ணோக்கி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. குவியத்தைச் சரிசெய்யும் நுண்திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு படம் எடுத்து அடுக்கினால் முப்பரிமாண உருவம் கிடைக்கும். கையால் திருப்பினால் முப்பதாவது படத்துக்குள் விரல் சோர்ந்துவிடும். படிப்படியாகச் சுற்றும் 5 வோல்ட் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்றைப் பொருத்தினேன். ஒரு சுற்றுக்கு 2048 படிகள். என் திருகு ஒரு சுற்றில், கண்ணாடித் தகடு வைக்கும் மேடையை 200 மைக்ரான் நகர்த்தும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆக, ஒரு படி ஏறக்குறைய 0.1 மைக்ரான். கணக்கு அழகாகத்தான் இருந்தது. பல்சக்கரங்களின் தளர்வால், திசை மாறும்போது மோட்டார் மட்டும் சுற்றும், மேடை அசையாது. இப்போது எப்போதும் ஒரே திசையில்தான் எடுக்கிறேன்.

அடுத்த வில்லங்கம், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். அவை கடக்கும்போதெல்லாம் படம் கலங்கியது. பரணில் கிடந்த அம்மிக்கல்லை இறக்கி, பாதிக் காற்றடைத்த ஸ்கூட்டர் டியூபின்மேல் வைத்து, அதில் நுண்ணோக்கியை ஏற்றினேன். அதிர்வு அடங்கியது. "துவையல் அரைக்கக் கேட்டபோது இறக்க ஆளில்லை" என்று அம்மா சொன்னது தனிக்கதை.

என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது வேறு. செம்பருத்தி மகரந்தம் முள்ளு முள்ளாக, நல்ல உருண்டை. தண்ணீரில் இட்டு, 40 மடங்கு லென்சில், 2 மைக்ரானுக்கு ஒரு படம் எடுத்தேன். உச்சி முள்ளிலிருந்து நடு விளிம்புவரை உள்ள உயரம் அகலத்தில் பாதி இருக்கவேண்டும் அல்லவா? இல்லை. திரையில் வந்தது கட்டைவிரலால் அழுத்திய லட்டு. மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் நசுக்குகிறதோ என்று ஓரங்களில் கண்ணாடித் துண்டுகளை முட்டுக் கொடுத்தேன். மாற்றமில்லை.

இராயபுரம் ஆசிரியை:

தம்பி, கிண்ணத்துத் தண்ணீரில் நாணயம் மேலெழும்பித் தெரியுமே, அதே கதைதான். உங்கள் லென்ஸ் காற்றில் இருக்கிறது, மகரந்தம் தண்ணீரில். மேடை 1 மைக்ரான் நகர்ந்தால் குவியம் ஏறக்குறைய 1.33 மைக்ரான் நகரும். உயரத்தை அதால் பெருக்குங்கள். தண்ணீருக்குப் பதில் கிளிசரினில் இட்டால் 1.47.

என்னிடம் மோட்டார் கிடையாது. மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சருக்குக் கீழே கறுப்பு அட்டையால் முதலில் இடப்பாதியையும் பிறகு வலப்பாதியையும் மறைத்து இரண்டு படங்கள் எடுப்பேன். ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதை நீலப்பச்சையாகவும் மாற்றி மேலே மேலே வைத்து, அதே இரு வண்ணக் கண்ணாடி அணிந்து பார்ப்போம். காசிமேட்டுக் கடல்நீரில் கிடைத்த கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரியைப் பிள்ளைகள் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். அளவெடுக்க உதவாது, வேடிக்கைக்கு இது போதும்.

தண்டையார்பேட்டைக்காரர்:

பெருக்கினேன் டீச்சர். லட்டு உருண்டுவிட்டது.