அசிட்ரோம் சாப்பிடும் ஆயாவுக்குப் பல் பிடுங்கி ஐஎன்ஆர் 7.8 ஆனது: ஊசியில் தவறா, மருந்தில் தவறா?

பள்ளத்தூர்ப் பேரன்:

எங்கள் ஆயாவுக்கு 71 வயது, எடை 48 கிலோ. பள்ளத்தூரில் அம்மாவோடு இருக்கிறார். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஆயாவுக்கு மதுரையில் இதய வால்வு மாற்றினார்கள், உலோக வால்வு. அன்றிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க, தினமும் அசிட்ரோம் மாத்திரை. மாதாமாதம் காரைக்குடிக்கு வந்து ஐஎன்ஆர் பார்ப்பார்கள் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், கூடினால் ரத்தக்கசிவு அபாயம்). 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று இதய டாக்டர் சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மாத்திரைகளை ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு சாமி வீட்டு அலமாரியில் வைத்திருப்பார், ஒரு வேளை தவறாது.

போன மாதம் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வலி. அம்மா காரைக்குடியில் ஒரு பல் கிளினிக்குக் கூட்டிப் போனார். சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா என்று முன்னால் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாராம். இரண்டும் இல்லை, இல்லை என்றுதான் அம்மா சொன்னார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கடைசி வரை யாரும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டு, இன்றைக்கே எடுத்துவிடலாம் என்று ஊசி போட்டார்கள். மரத்துப்போவதற்குள் குறடு வைத்ததில் ஆயா கத்திவிட்டார். மறுபடியும் ஊசி. உடனே படபடப்பு, கை நடுக்கம். "நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்குது ஆத்தா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். பயம்தான், ஒன்றுமில்லை என்று டாக்டர் பல்லைப் பிடுங்கி, பஞ்சு வைத்து அனுப்பிவிட்டார். தையல் போடவில்லை.

சீட்டில் இருந்தவை: கிருமிக்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 625 இரண்டு வேளை, மெட்ரோனிடசோல் 400 மூன்று வேளை, வலிக்கு கெட்டோரோலாக் 10 மூன்று வேளை. எல்லாம் ஐந்து நாளைக்கு.

நான்காம் நாள் காலையில் தலையணை எல்லாம் ரத்தம். கையெல்லாம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது, மலம் கறுப்பு. காரைக்குடியில் பார்த்தால் ஐஎன்ஆர் 7.8. அங்கிருந்து மதுரை. பிளாஸ்மா ஏற்றி, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யைக் குறைந்த அளவில் கொடுத்து, ஒரு வாரம் வைத்திருந்தார்கள். 1,40,000 ரூபாய் ஆயிற்று. வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் பழைய தெம்பு இல்லை.

பல் டாக்டரிடம் கேட்டால், "நீங்கதான் சொல்லலையே" என்கிறார். ஊசியை அளவுக்கு மீறிப் போட்டதுதான் காரணம் என்று வீட்டில் பேச்சு. அம்மான் போலீசுக்குப் போகலாம் என்று நிற்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்காலை மருந்தாளுநர் (ஓய்வு):

தம்பி, ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றால் வழக்கு ஊசியோடு போய்விடும். சீட்டைக் கையில் எடுங்கள்.

பல்லுக்குப் போடுவது வழக்கமாக 2 சதவீத லிக்னோகைன் என்ற மரக்க வைக்கும் மருந்து, 80,000-க்கு 1 என்ற கணக்கில் அட்ரினலின் கலந்தது. ஒரு மில்லியில் லிக்னோகைன் 20 மி.கி., அட்ரினலின் 12.5 மைக்ரோகிராம். கீழ்த்தாடை மரக்க ஒரு தடவைக்கு 2 மில்லி போட்டார் என்று வையுங்கள், இரண்டு தடவைக்கு 4 மில்லி. அதாவது லிக்னோகைன் 80 மி.கி. அட்ரினலின் சேர்ந்திருந்தால் கிலோவுக்கு 7 மி.கி. வரை போகலாம் என்பது கணக்கு, 48 கிலோவுக்கு 330 மி.கி.க்கு மேல் வருகிறது. கிட்டக்கூட வரவில்லை. அட்ரினலின் மட்டும் 50 மைக்ரோகிராம். இதய நோயாளிக்கு 40-க்குள் நிறுத்துவது நல்லது என்று வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் தாண்டியிருக்கலாம். திக்குதிக்கு என்று அடித்தது அதனால்தான். அது சில நிமிடத்தில் அடங்கிவிடும், நாலாம் நாள் ரத்தம் வருவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மரக்கும் முன் குறடு வைத்தது அவசரம், அதை எழுதுங்கள். ஆனால் முதல் வரியில் எழுதாதீர்கள்.

இப்போது மாத்திரை. அசிட்ரோமைக் கல்லீரலில் ஒரு நொதி உடைத்து வெளியேற்றுகிறது. மெட்ரோனிடசோல் அந்த நொதியைத் தடுத்துவிடும். ஆயா வழக்கமான அளவுதான் சாப்பிட்டார், ஆனால் உடம்புக்குள் அது கூடிக்கொண்டே போனது. இரண்டு மூன்று நாளில் ஐஎன்ஆர் ஏறுவது இப்படித்தான், உங்கள் நான்காம் நாள் சரியாகப் பொருந்துகிறது. கூடவே அமாக்ஸிசிலின், குடலில் வைட்டமின் கே தயாரிக்கும் கிருமிகளைக் கொன்று இன்னும் கொஞ்சம் ஏற்றும். இதெல்லாம் போதாதென்று கெட்டோரோலாக்! ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது கூடவே கூடாத மருந்து. வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் வேலை செய்ய விடாது. கறுப்பு மலம் வேறெங்கிருந்து வரும்? வலிக்கு பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

முப்பது வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவன் என்பதால் ஒன்று கேட்கிறேன். அசிட்ரோம் வாங்குவதும் இந்த மாத்திரைகளை வாங்கியதும் ஒரே கடையிலா? ஒரே கடை என்றால் கொடுத்தவருக்கும் கேள்வி உண்டு. நம் ஊரில் அட்டையை வெட்டி, பெயரும் தேதியும் போன துண்டைத்தான் கையில் கொடுக்கிறார்கள். மிச்சம் இருக்கும் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், பில்லோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

பல்லாண்டு:

நான் பல் மருத்துவர், தஞ்சாவூர்ப் பக்கம். மருந்தாளுநர் ஐயா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை, இரண்டு சேர்க்கிறேன்.

முதலாவது அவசரம். செயற்கை வால்வு உள்ளவருக்குப் பல் பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் அமாக்ஸிசிலின் 2 கிராம் ஒரே வேளையாகக் கொடுப்பது முறை. அப்போது ரத்தத்தில் இறங்கும் வாய்க் கிருமி வால்வில் போய் ஒட்டாமல் இருக்க. இங்கே பிடுங்கிய பிறகுதான் மருந்து. எனவே வரும் வாரங்களில் காய்ச்சல், குளிர், இரவில் வியர்வை, காரணமில்லாத சோர்வு எது வந்தாலும் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காமல் நேராக இதய டாக்டரிடம் போங்கள், ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். பழைய தெம்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கே ஒரு முறை காட்டிவிடுங்கள்.

இரண்டாவது, அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்குப் பல்லே பிடுங்கக் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று சிலர் சொல்வார்கள், உலோக வால்வில் ரத்தம் கட்டிவிட்டால் அது இதைவிட மோசம். முதல் நாளோ அன்றோ ஐஎன்ஆர் பார்த்து, 3.5-க்குள் இருந்தால் பிடுங்கலாம். குழியில் ஜெல் பஞ்சு வைத்துத் தையல் போட வேண்டும், ரத்தத்தை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும்.

என் தொழில்காரருக்காக ஒரு வார்த்தை: நாற்காலியில் உட்காரும் பத்துப் பேரில் ஐந்து பேர் "மாத்திரை எல்லாம் ஒண்ணுமில்லை" என்பார்கள். வால்வு ஆபரேஷன் பல்லுக்கு எதற்கு என்று நினைப்பார்கள். ஆனாலும் கேட்பது எங்கள் வேலைதான். சர்க்கரை, பிரஷர் மட்டும் கேட்டது கேட்டதில் சேராது.

கோட்டையூர் மீனா:

கோர்ட்டு கேஸ் என்று அலைய வேண்டாம் தம்பி, நாலு பெரியவர்களை வைத்துப் பேசி ஆஸ்பத்திரிச் செலவை வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன ஊர், நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும்.

சிவகங்கை வக்கீல்:

பேசி முடிப்பதில் தவறில்லை, ஆனால் ஆவணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பேசுங்கள். சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, ஒப்புதல் படிவம், எந்த ஊசி எத்தனை மில்லி என்ற பதிவு, இவற்றின் நகல் வேண்டும் என்று ஆயா கையெழுத்தோடு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

அம்மானிடம் போலீஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: மருத்துவர் மேல் குற்ற வழக்கு என்றால் கடும் அலட்சியம் இருக்க வேண்டும், வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தைப் போலீஸ் முதலில் வாங்க வேண்டும். நஷ்ட ஈடு கேட்க நுகர்வோர் ஆணையம்தான் இடம். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை அந்தச் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே சாந்தா வழக்கில் முடிவாகிவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உங்களுக்குச் சிவகங்கை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டணம், நீங்கள் கேட்கும் தொகையை வைத்து இல்லை, கிளினிக்கில் கட்டிய பணத்தை வைத்து. ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமலும் போகலாம், நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமானால் அது தனி: தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும், அங்கே பணம் கிடைக்காது.

"நீங்கள் சொல்லவில்லை" என்ற வாதம் கட்டாயம் வரும். அதனால் என்ன கேட்டார்கள், அம்மா என்ன சொன்னார் என்பதை இப்போதே அவர் கையால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மதுரை டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஐஎன்ஆர் ஏறியதற்கு மருந்து மோதல் காரணம் என்று எழுதியிருக்கிறதா?

பள்ளத்தூர்ப் பேரன்:

பார்த்தேன். "மெட்ரோனிடசோல், கெட்டோரோலாக் எடுத்ததைத் தொடர்ந்து" என்று தெளிவாக இருக்கிறது. கிளினிக்கில் ஒப்புதல் படிவம் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை என்கிறார் அம்மா. மாத்திரை ஒரே கடையில்தான் வாங்கியிருக்கிறோம், ஐயா. பல் பிடுங்கியதற்குக் கிளினிக்கில் ரசீது தரவில்லை, ஆனால் அம்மா ஜிபேயில் கட்டியது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் கடிதத்தை எழுதுகிறேன், திங்கள் இதய டாக்டர். இன்னொரு பல்லும் ஆடுகிறது என்கிறார் ஆயா. அதை எங்கே காட்டுவது?

பல்லாண்டு:

ஜிபே போதும். ஆடுகிற பல்லுக்கு இப்போது அவசரம் இல்லை, வாய் கொப்பளித்துக்கொண்டு இருக்கட்டும். ஐஎன்ஆர் பழைய அளவில் நின்ற பிறகு, இதய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். 2023-ல் தொடங்கியது, உங்களுக்குப் பக்கம்தான். காலையிலேயே போய்விடுங்கள். ரத்தம் நிற்காவிட்டால் பகலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.