பேட்டரி கிரிப் போட்டவங்க, போடாதவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க (தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்)

காவேரிப்பட்டணம் தெருமுனை:

மயானக் கொள்ளைத் திருவிழாவுல தவறின ஒரு படம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, அதான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன். சிவராத்திரிக்கு மறுநாள் எங்க ஊர்க் கூட்டம் எப்படி இருக்கும்னு வந்து பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. என்கிட்ட கேனான் 80டி, 70-200 2.8 லென்ஸ். கிரிப் இல்ல (கேமராவுக்கு அடியில மாட்டுற பிடி, அதுல கூடுதல் பேட்டரியும் வெர்டிக்கலா எடுக்க இன்னொரு ஷட்டர் பட்டனும் இருக்கும்).

காளி வேஷம் கட்டினவர் முறத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நேரா என்னைப் பார்த்து வர்றார். நாக்கு வெளிய தொங்குது, மார்பு பூரா எலுமிச்சம்பழம் குத்தியிருக்கு. கிரீடத்துல இருந்து கால் சலங்கை வரைக்கும் வேணும், அதனால கேமராவை வெர்டிக்கலா திருப்பினேன். அப்படித் திருப்பினா வலது முழங்கை தோளுக்கு மேல போயிடும்ல? பின்னால ஓடி வந்தவர் தோள் சரியா அந்த முழங்கையில இடிச்சது. படத்துல பாதி முறம், ஒரு கண்ணு, மீதி முழுக்க மின்கம்பம். அவர் என்னைத் தாண்டிப் போயிட்டார்.

அடுத்த வருஷம் நண்பரோட பிஜி-இ14 கிரிப்பை வாங்கி மாட்டிக்கிட்டுப் போனேன். வெர்டிக்கல்லயும் ஷட்டர் பட்டன் விரலுக்குக் கீழயே இருக்கு, ரெண்டு முழங்கையும் விலாவோட ஒட்டியே இருக்கு. அதே நெரிசல், அதே இடி, ஆனா படம் வந்துச்சு. உள்ள ரெண்டு பேட்டரி போடலாம்கிறது எனக்கு ரெண்டாம் பட்சம்தான். கிரிப் வேஸ்ட்டுன்னு சொல்ற நிறைய பேர் பேட்டரிக் கணக்கை மட்டும் பார்க்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

தர்மபுரி முகூர்த்தம்:

தம்பி, பேட்டரியை அப்படி ரெண்டாம் பட்சம்னு ஒதுக்காதீங்க. நான் கல்யாண வேலை செய்கிறவன். நிக்கான் டி750, அதில் எம்பி-டி16 கிரிப்.

அதியமான்கோட்டை பக்கம் ஒரு கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பில் தொடங்கிய வேலை. விடிகாலை முகூர்த்தம். கெட்டி மேளம் சொல்லியாச்சு. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டார், மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் குனிகிறார், அட்சதை பறக்கிறது. நான் விரலை எடுக்கவே இல்லை. மணமேடையை விட்டு இறங்கிய பிறகுதான் பார்த்தேன், கிரிப்பில் இருந்த பேட்டரி எங்கோ நடுவில் தீர்ந்துபோய், உள்ளே இருக்கும் பேட்டரியில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எந்த முடிச்சில் மாறியது என்று எனக்கே தெரியாது. படங்களில் இடைவெளி இல்லை. அந்தக் குடும்பத்துக்கு அந்த நிமிடம் திரும்பி வராது. அதற்காகவே நான் கிரிப்பைக் கழற்றுவதில்லை.

ஒரு விஷயம் கவனிக்கணும். நிக்கானில் இந்த வகைக் கிரிப் போட்டாலும் கேமராவின் சொந்தப் பேட்டரி உள்ளேயே இருக்கும். அதை வெளியே எடுக்கணும்னா கிரிப்பையே கழற்றணும். அதனால் மெனுவில் கிரிப் பேட்டரி முதலில் தீர்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்ததும் கிரிப்பின் பேட்டரித் தட்டை உருவி வேறொன்றைப் போட்டால் ஆயிற்று. கேனான் 80டியில் அமைப்பே வேறு: பேட்டரி மூடியைக் கழற்றிவிட்டு, கிரிப்பின் தண்டை பேட்டரிக் குழிக்குள் செருகணும், இரண்டு பேட்டரியும் கிரிப்புக்குள்தான் இருக்கும். கழற்றிய மூடியை மண்டபத்தில் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரிப்பிலேயே அதைச் செருகி வைக்க இடம் இருக்கிறது.

தளி ரோடு:

ரெண்டு பேர் சொன்னதோடயும் நான் ஒத்துப்போகல.

தேன்கனிக்கோட்டை தாண்டி அய்யூர் பக்கம் போயிருந்தோம். ராகி முத்துற பருவம். பன்னேர்கட்டா பக்கத்துல இருந்து யானைக்கூட்டம் இறங்கி வர்ற காலம்னு இங்க எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் ஏரிக்கரையில ஒரு பெரிய பெண் யானை, அது காலுக்கு நடுவுல குட்டி. ரோட்டுல வண்டிக்குள்ள உட்கார்ந்தே எடுக்கிறோம். பெண் யானை தும்பிக்கையில தண்ணியை எடுத்து குட்டி மேல பீய்ச்சப் போகுது. பீன் பேக்ல (கேமராவைத் தாங்க வைக்கிற மெத்துன்னு இருக்கிற பை) இருந்து கேமராவைத் தூக்கினேன், கேமரா செத்துப்போச்சு. வ்யூஃபைண்டர்ல ஒண்ணுமே இல்ல. கிரிப் திருகு காட்டு ரோட்டுக் குலுக்கல்ல லேசா தளர்ந்து, உள்ள தண்டுல தொடர்பு விட்டுப்போச்சு. திருகை இறுக்கினதும் உயிர் வந்துச்சு. யானைங்க அதுக்குள்ள மூங்கிலுக்குள்ள போயிடுச்சு. அது கேமரா கம்பெனியோட கிரிப் இல்ல, வேற ஒரு கம்பெனி தயாரிப்பு.

தர்மபுரி அண்ணா, உங்க டி750ல ஒரே பேட்டரிக்கு ஆயிரத்துக்கு மேல படம் வரும், கம்பெனி கணக்கே 1230. முகூர்த்தத்துக்கு முன்னால புது பேட்டரியை மாத்திட்டா கதை முடிஞ்சது. மூடியைத் திற, உருவு, செருகு, பத்து விநாடி. அதுக்காக கேமராவுக்கு அடியில இன்னும் முந்நூறு நானூறு கிராமைத் தொங்க விடணுமா? வெர்டிக்கல்னா, பெரிய லென்ஸ்ல காலர், அதாவது ஸ்டாண்டுல மாட்டுற வளையம் இருக்கு, ஸ்டாண்டுல நிறுத்தி காலரைத் தளர்த்திச் சுத்தினா தானா வெர்டிக்கல். பேட்டரியை பேன்ட் பாக்கெட்ல வைங்க, கிரிப் காசை சேர்த்து வைங்க.

காவேரிப்பட்டணம் தெருமுனை:

அண்ணா, மயானக் கொள்ளைக் கூட்டத்துல ஸ்டாண்டு விரிக்க முடியாது. கால் வைக்கவே இடம் இருக்காது. காட்டுக்கு நீங்க சொல்றது சரி, தெருவுக்குச் சரிவராது.

பாலக்கோடு பாரதம்:

எங்கள் பக்கம் பாரதக் கூத்து பதினெட்டு நாள். ராத்திரி தொடங்கினால் விடிகிற வரை. சோனி ஏ7 மார்க் 2 வைத்திருந்த காலம் அது. அந்தக் கேமராவின் என்பி-எஃப்டபிள்யூ50 பேட்டரியின் கொள்ளளவு 1020 எம்ஏஎச்தான். வ்யூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் 270 படம் என்று சோனியே சொல்கிறது. நாம் எடுக்காமல் காத்திருந்தாலும் திரையும் சென்சாரும் விழித்தே இருக்கும். கூத்தோ காத்திருக்கிற வேலை. கட்டியக்காரன் வருவான், பாட்டு நீளும், துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்றே அரை மணி நேரம் பாடுவார். கேமராவை அணைத்தால் திரை விலகுகிற நொடி போய்விடும்.

துரியோதனன் வீழ்கிற படுகளத்தன்று காலை. களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருக்கிறான். பாஞ்சாலி வேஷக்காரர் விரித்த கூந்தலோடு அவன் தொடைமேல் ஏறி நிற்கிறார். சுற்றிலும் பெண்கள் குலவை. கூந்தலை அள்ளி முடிகிற அந்தக் கையை, விரலில் பூசியிருந்த குங்குமம் முடியில் ஒட்டுகிறவரை ஒவ்வொரு படமாக எடுத்தேன். கிரிப்பில் இருந்த இரண்டு பேட்டரிகளும் இல்லையென்றால் நான் அந்த நேரம் குனிந்து மூடியைத் திறந்துகொண்டிருப்பேன். தளி ரோடு நண்பர் சொல்லும் பத்து விநாடியில் பாஞ்சாலி கூந்தலை முடித்துவிடுவாள்.

ஆனால் பிறகு ஏ7 மார்க் 3 வாங்கினேன். அதன் பேட்டரி 2280 எம்ஏஎச். பேட்டரிக்காகக் கிரிப் என்கிற காரணம் அன்றோடு போயிற்று. இருந்தும் கிரிப் வாங்கினேன். சின்ன உடம்புள்ள கேமரா, சுண்டுவிரலுக்கு இடமே இல்லை, பெரிய லென்ஸோடு ராத்திரி முழுக்கப் பிடித்தால் மணிக்கட்டு வலி இரண்டு நாள் போகாது. கிரிப் போட்டதும் ஐந்து விரலும் உட்கார்ந்தன.

ஒகேனக்கல் பரிசல்:

என் கதை சின்னது. அருவிக்குக் கீழே பரிசலில் போகும்போது சாரல் கிரிப்பின் வெர்டிக்கல் பட்டனுக்குள் இறங்கி, கேமரா தானாகக் கிளிக் அடிக்க ஆரம்பித்தது. நான் கையை எடுத்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தது. பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். கிரிப்பின் பூட்டை ஆஃப் பக்கம் தள்ளியதும் நின்றது.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேமராவுக்குத் தண்ணீர் புகாத சீலிங் இருக்கிறது என்று நம்பித் தண்ணீருக்குப் போகாதீர்கள், கேமராவும் கிரிப்பும் சேரும் இடமும் கிரிப்பின் பட்டன்களும் தனி. அங்கேதான் நனையும். மழை, அருவி என்றால் கிரிப்பைக் கழற்றிப் பையில் போடுங்கள். கழற்றியதும் தொடர்புப் புள்ளிகளின் ரப்பர் மூடியைத் திரும்ப மாட்டுங்கள். திருகை வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள், தளி ரோடு நண்பருக்கு நடந்தது கிரிப்பின் தோல்வி இல்லை, மலிவான திருகின் தோல்வி. கேமராவை ஸ்டாண்டில் நேராகவும் வெர்டிக்கலாகவும் மாட்ட உதவும் எல் பிளேட் வைத்திருந்தால் கிரிப்போடு அது சேராது, கிரிப் அளவுக்கு வேறு வாங்கணும், அந்தச் செலவையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள். பழசு வாங்கினால் கடையிலேயே உங்கள் கேமராவில் மாட்டி, வெர்டிக்கல் பட்டனில் பாதி அழுத்தம் ஃபோகஸ் எடுக்கிறதா, டயல் இரு பக்கமும் சுழல்கிறதா, கேமராவைக் கிரிப்பில் பிடித்து மெல்ல ஆட்டினால் அணைந்து எழுகிறதா என்று பாருங்கள். பேட்டரியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சூட்டில் உப்பிய டூப்ளிகேட் பேட்டரி கிரிப்புத் தட்டில் சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. கிரிப்போடு ஏஏ பேட்டரித் தட்டு கொடுத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், கரண்ட் இல்லாத மலை ஊரில் ஒருநாள் கைகொடுக்கும்.

பர்கூர் வாடி:

அண்ணன்களுக்கு வணக்கம். காலேஜ்ல படிக்கிறேன், நிக்கான் டி5600. எங்க ஊர்ல எருது விடும் விழா எடுப்பேன். போன தடவை ஒரு செவலை எருது, கொம்புல கட்டின தட்டியை ஒருத்தர் தாவிப் பிடிக்கிறார், எருது தலையை ஒரு உலுக்கு உலுக்குது, தட்டி கிழிஞ்சு பாதி அவர் கையில பாதி கொம்புல. எனக்கு அதுக்கு முந்தின படமும் இருக்கு, பிந்தின படமும் இருக்கு. அந்தக் கிழியற நொடி மட்டும் இல்ல. நடுவுல கேமரா திணறி நின்னுடுச்சு. கிரிப் போட்டா பர்ஸ்ட் வேகம் (தொடர்ந்து படபடன்னு எடுக்கிற வேகம்) கூடும்னு ஒரு கடையில சொன்னாங்க. நிஜமாங்கண்ணா?

தர்மபுரி முகூர்த்தம்:

தம்பி, உன் கேமராவுக்கு அது பொருந்தாது. 2008ல் வந்த டி700 விநாடிக்கு 5 படம் எடுக்கும், எம்பி-டி10 கிரிப்பில் சரியான பேட்டரி போட்டால் 8. டி850 விநாடிக்கு 7, எம்பி-டி18 கிரிப்பில் இஎன்-இஎல்18 வகைப் பேட்டரி போட்டால் 9. இப்படிச் சில கேமராக்களுக்குத்தான் வேகம் கூடும். டி5600க்கு நிக்கான் கிரிப்பே செய்யவில்லை. வெளியில் கிடைப்பது ஒரு சின்ன ஒயரைப் பக்கவாட்டு ஓட்டையில் செருகி ஷட்டரை மட்டும் இயக்கும். டயல் இருக்காது, வேகம் 5க்கு மேல் போகாது.

நீ சொல்வதைப் பார்த்தால் சுருக்காத பெரிய கோப்பான ரா வடிவத்தில் எடுத்து, கார்டில் எழுதும்வரை படங்களை வைத்திருக்கும் பஃபர் நிரம்பியிருக்கும். எருது ஓட்டத்துக்கு ஜேபெக்கில் வை. நல்ல யுஎச்எஸ்-1 வகை மெமரி கார்டு ஒன்று வாங்கு, யுஎச்எஸ்-2 வாங்காதே, உன் கேமராவில் அந்த வேகம் கிடைக்காது. வாடியிலிருந்து எருது கிளம்பியதுமே அழுத்தாமல், தட்டிக்கு ஆள் தாவும்போது அழுத்து. மீதிக் காசுக்கு இஎன்-இஎல்14ஏ பேட்டரி ஒன்று கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்.